கட்டுநாயக்கவில் வாங்குவதா, கண்டியிலேயே வாங்குவதா? லண்டன் போகும் தங்கச்சிக்கு

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் முதல் தடவையாக லண்டனுக்குப் போகிறார், அண்ணன் குடும்பத்தைப் பார்க்க. அண்ணி, அவர்களுடைய எட்டு வயது மகள், அண்ணன், அப்புறம் போன புதிதில் அண்ணனுக்குத் தங்க இடம் கொடுத்த ஒரு வெள்ளைக்கார அம்மா என்று நான்கு பேருக்குப் பரிசு வேண்டும். கட்டுநாயக்க எயார்போர்ட்டுக்குள் இருக்கும் பூட்டீக் உடுப்புக் கடையில் நம் நாட்டு டிசைனர்கள் செய்த உடுப்பும் பையும் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைசி நேரத்தில் அங்கேயே வாங்கிக்கொள்ளலாமா, முதலே வாங்கி வைக்க வேண்டுமா, உண்மையில் நம் நாட்டில் செய்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் கேள்வி.

தங்கச்சி, நான் மஸ்கெலியாப் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். ஏழு வருஷம் எயார்போர்ட்டில் அப்படிப்பட்ட ஒரு கடையில் விற்பனைக்கு நின்றேன். இப்போது கண்டியில் கைத்தறித் துணியில் பை தைத்து விற்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததால் நேராகவே சொல்லிவிடுகிறேன். நான்கு பேரில் மூன்று பேருக்கு மலையை விட்டு இறங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் வேண்டுமானால் எயார்போர்ட்டில் பார்க்கலாம்.

முதல் காரணம் நேரமும் மனநிலையும். நம் ஆட்கள் வெளிநாடு போவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வேன் பிடித்து, பாதிச் சொந்தக்காரரும் ஏறி, இரவெல்லாம் வளைவில் ஆடி ஆடி இறங்கி, வாசலில் அழுது கட்டிப்பிடித்து, உள்ளே போய் பெட்டி நிறுத்து, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிய பிறகுதான் நல்ல கடைகள் வரும். அந்த நேரத்தில் கண் கலங்கியிருக்கும், கால் வலிக்கும், கேட் எது என்ற பதற்றம் வேறு. அப்படி வந்து நின்ற எத்தனையோ பேருக்கு நான் விற்றிருக்கிறேன். துணியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "இது எவ்வளவு, அது எவ்வளவு" என்று கேட்டு, கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். முத்திரை குத்திய பிறகு வெளியே வந்து அம்மாவிடம் "இந்த நிறம் அண்ணிக்குப் பிடிக்குமா" என்று கேட்க முடியாது. அளவு சரியில்லை என்று மறுநாள் கொண்டுபோய் மாற்றவும் முடியாது.

இரண்டாவது விலை. டியூட்டி ஃப்ரீ என்ற பலகையைப் பார்த்ததும் எல்லாமே மலிவு என்று நினைத்துவிடுகிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் வாசனைத் திரவியத்துக்கும் சாராயத்துக்கும் இறக்குமதி வரி உண்டு. அதைக் கழித்தால் விலை குறையும், சரி. நம் நாட்டிலேயே நெய்த துணிக்கு இறக்குமதி வரி ஏது? கழிக்க அந்த வரி இல்லாத இடத்தில் கடை வாடகையும் அலங்காரமும்தான் விலையில் ஏறும். பல சாமான்களுக்கு விலையை டொலரில்தான் போடுவார்கள். 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதே, அன்றைக்கு ரூபாயில் சம்பளம் வாங்கும் நம் ஆட்கள் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தேன். இன்றும் டொலர் விலையை மனதில் ரூபாயாக்கிப் பார்க்காமல் கார்டை நீட்டாதீர்கள்.

மூன்றாவது காரணத்தை ஒரு சம்பவத்தோடு சொல்ல வேண்டும். ஒரு நாள் இரவு ஜேர்மன்காரப் பெண் ஒருவர் ஒரு ஸ்காஃபை எடுத்துக்கொண்டு வந்தார். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படம் போட்டது. என் ஊர் எது என்று கேட்டார், சொன்னேன். "அப்படியானால் இது உங்கள் அம்மாவா?" என்று அன்பாகத்தான் கேட்டார். படத்தை அன்றுதான் கூர்ந்து பார்த்தேன். கூடை தோளில் பை போலத் தொங்கியது. என் அம்மா கூடைக் கயிற்றை உச்சந்தலையில் போட்டுத்தான் சுமந்தார், மழைக்காலத்தில் கயிற்றுக்கு அடியில் கம்பளியை மடித்து வைப்பார். இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்கு இல்லை. கொழுந்துச் செடியின் குச்சி கிழிக்காமல் சேலையைக் காப்பாற்றுவதே அந்தப் படங்குதான். அடுத்து அவர் "இதைச் செய்தது யார்" என்று கேட்டார். லேபலைத் திருப்பினேன். துணியும் வேறு நாடு, அச்சும் வேறு நாடு. அந்த ஸ்காஃபில் எங்களுடையதாக இருந்தது ஒரு முகம் மட்டுந்தான், அதையும் பார்க்காமலே வரைந்திருந்தார்கள். 1823இல் இருந்து 200 வருஷமாக இந்த மலையில் முதலில் கோப்பியும் பிறகு கொழுந்தும் பறித்தவர்களின் படத்தை வைத்து விற்கும் பொருளில் இந்த மலைக்காரரின் கைவேலை ஒரு நூலாவது இருக்க வேண்டாமா? அன்றிலிருந்து எந்தச் சாமானை எடுத்தாலும் முதலில் லேபலைத்தான் பார்க்கிறேன்.

லேபலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "மேட் இன் ஸ்ரீ லங்கா" என்று இருந்தால் அது இங்கே தைக்கப்பட்டது என்றுதான் பொருள். துணி எங்கிருந்தும் வந்திருக்கலாம், வடிவமைத்தது லண்டனிலோ நியூயோர்க்கிலோ இருக்கும் கம்பனியாக இருக்கலாம். "டிசைன்ட் இன் ஸ்ரீ லங்கா" என்று இருந்தால் வரைந்தது இங்கே, செய்தது வேறெங்கோவாகவும் இருக்கலாம். இரண்டுமே பொய் இல்லை, ஆனால் இரண்டும் ஒன்றும் இல்லை. எயார்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் இருக்கிறது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே கார்மெண்டில் வேலை செய்கிறார்கள்! அவர்கள் தைத்த உடுப்பு ஏற்கெனவே லண்டன் கடைகளில் தொங்குகிறது. அதே மாதிரி ஒன்றை நீங்கள் இங்கிருந்து சுமந்து போக வேண்டியதில்லை. வரைந்ததும் நெய்ததும் சாயம் போட்டதும் இங்கேயே நடந்த பொருளைத் தேடுங்கள்.

அப்படித் தேடினால் மலையகத்தை விட்டு இறங்காமலே மூன்று நல்ல கைவேலை வாங்கலாம். மெழுகால் மறைத்துச் சாயம் போடும் பத்திக், கைத்தறி, தும்பறை நார்ப் பாய்.

பத்திக் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இதில்தான். மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரை என்றால் பழைய குகை விகாரை உங்களுக்கு ஞாபகம் வரும். 1960களில் இலங்கைப் பத்திக்கைப் புதுக் கலையாகத் தூக்கி நிறுத்திய எனா டி சில்வா அந்த ஊர்க் குடும்பத்தவர். கொழும்பில் பெயர் எடுத்த பிறகு ஊருக்கே திரும்பி, அங்குள்ள பெண்களை வைத்துப் பத்திக்கும் தையல் பூவேலையும் நடத்தினார். 2015இல் காலமாகும் வரை அந்த வேலையோடுதான் இருந்தார். மாத்தளைப் பக்கம் இன்றும் சின்னச் சின்னப் பத்திக் பட்டறைகள் உண்டு. நான் துணி எடுக்கப் போகும் ஒரு பட்டறையில் ஒரு அக்கா மெழுகு போடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சட்டியில் மெழுகு சரியான சூட்டில் இருந்தால், துணியில் பட்டதும் ஊறிப் பின்பக்கம் கண்ணாடி மாதிரித் தெரியும். ஆறிப்போயிருந்தால் மேலேயே வெள்ளையாக உட்கார்ந்துவிடும், சாயம் அடியால் நுழைந்து கோட்டைக் கெடுத்துவிடும். அந்த அக்கா ஒவ்வொரு கோட்டுக்கும் துணியைத் தூக்கிப் பின்பக்கம் பார்ப்பார். ஒரு நிறம் முடிந்ததும் காயவைத்து, அந்த நிறம் நிற்க வேண்டிய இடத்தை மெழுகால் மூடி, அடுத்த நிறத்தில் முக்குவார்கள். மூன்று நிறம் என்றால் மூன்று தடவை மெழுகு, மூன்று தடவை சாயம். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்றுவார்கள். முக்கும்போது மெழுகு வெடித்த இடத்தில் சாயம் புகுந்து மயிரிழை போலக் கோடு ஓடும். அந்த வெடிப்புக் கோடுதான் பத்திக்கின் கையெழுத்து.

அதனால் கடையில் இப்படிப் பாருங்கள். துணியைத் திருப்புங்கள். மெழுகு இரண்டு பக்கமும் ஊறுவதால் நல்ல பத்திக்கில் முன்னும் பின்னும் நிறம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பின்பக்கம் வெளிறியிருந்தால் அது அச்சு. அப்புறம் ஒரு வெடிப்புக் கோட்டைக் குறித்துக்கொண்டு, அதே பூ அடுத்து வரும் இடத்தில் அதே கோடு அதே மாதிரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதுவும் அச்சுத்தான், மெழுகு இரண்டு தடவை ஒரே மாதிரி வெடிக்காது. கடைசியாக நிறம் நிற்குமா என்பது. இதில் நான் பட்டுத்தான் படித்தேன். முதல் சம்பளத்தில் பெரியம்மா மகளுக்குக் கொழும்பில் ஒரு கடையில் சிவப்புப் பத்திக் துணி வாங்கிக் கொடுத்தேன். முதல் கழுவலிலேயே வாளித் தண்ணீர் பீட்ரூட் சாறு மாதிரி ஆகி, கூடப் போட்ட ஸ்கூல் யூனிஃபோர்ம் இரண்டும் பாழ். அவள் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் இன்றும் வலிக்கிறது. கைக்குட்டையின் நுனியை நனைத்து, கடைக்காரரிடம் கேட்டு, ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். கரும் நிறங்களில் இலேசாக ஒட்டினால் பயப்படத் தேவையில்லை. நனைத்த இடம் அப்படியே நிறமாகிவிட்டால் வேண்டாம்.

கைத்தறியைக் கண்டுபிடிக்க ஓரத்தைப் பார்க்க வேண்டும். கைத்தறியில் ஊடை என்ற குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா, பாவு என்ற நெடுக்கு நூலுக்குள்ளே போய்த் திரும்பும்போது அந்த ஊடையும் சேர்ந்து மடங்கித் திரும்பும், அதனால் ஓரம் மூடியிருக்கும். இன்றைய பெரிய மில் தறிகளில் பலதிலும் ஒவ்வொரு ஊடையையும் வெட்டிவிடுவதால் ஓரத்தில் குட்டிக் குட்டிக் குஞ்சம் நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கைத்தறியில் ஒரு இடம் கொஞ்சம் நெருக்கமாகவும் ஒரு இடம் கொஞ்சம் இளக்கமாகவும் தெரியும். அதைப் பழுது என்று நினைக்காதீர்கள், நெய்தவர் தேநீருக்கு எழுந்து போய் வந்த இடம் அது. நூலே நம் நாட்டில் விளைந்ததா என்று கேட்டால், இல்லை, பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. நெசவும் நிறச் சேர்க்கையும்தான் நம்முடையவை. அந்த நிறச் சேர்க்கையில் பெரிய மாற்றம் செய்தவர் 1964இல் பெயார்ஃபூட் என்ற கைத்தறி நிறுவனத்தைத் தொடங்கிய பார்பரா சன்சோனி. குருணாகல் பக்கம் 1991இல் தொடங்கிய செலின் நிறுவனம் நியாய வணிக (ஃபெயார் ட்ரேட்) முறையில் ஊர்ப் பெண்களை வைத்து நெய்கிறது. நம் மொழி பேசும் நெசவுக்காரரின் துணி வேண்டும் என்றால் கிழக்கே மருதமுனை இருக்கிறது. அவர்கள் நெய்யும், ஆண்கள் கட்டும் சாரமும் சேலையும் கண்டி ஜவுளிக் கடைகளில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். கேட்காவிட்டால் காட்டமாட்டார்கள், மின்தறிச் சாரத்தைத்தான் முன்னால் போடுவார்கள்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, தும்பறைப் பாய். கண்டியிலிருந்து மெனிக்கின்ன பக்கம் போனால் ஹேனவல என்று ஒரு ஊர். ஹண என்று சிங்களத்தில் சொல்லும் கற்றாழை மாதிரியான செடியின் நாரைச் சீவி எடுத்து, காயவைத்து, சாயமேற்றி நெய்கிறார்கள். பழைய முறையில் சிவப்புக்குப் பதிமுகக் கட்டை, மஞ்சளுக்கு மரமஞ்சள். யானை, மான், பறவை, பாம்பு எல்லாம் நேர்கோடும் முக்கோணமுமாக வரும், ஏனென்றால் நார் வளையாது, வடிவம்தான் நாருக்கு இசைய வேண்டும். சாதியின் பேரால் ஒரு காலத்தில் ஊர் ஒதுக்கி வைத்த சமூகம் காப்பாற்றி வந்த வேலை இது. 2021இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. இப்போது சுவரில் தொங்கவிடும் பாய் தவிர, குஷன் உறை, கைப்பை என்றெல்லாம் செய்கிறார்கள். அந்த ஊர் வரை போக முடியாவிட்டால், கண்டி வாவிக்குப் பக்கத்தில் 1882இல் தொடங்கிய கண்டியக் கலைச் சங்கத்தின் கடை இருக்கிறது. அரசாங்கத்தின் கைவினைக் கடையான லக்சலவுக்கும் கண்டியில் கிளை உண்டு. ஒரு விஷயம் மட்டும் கவனம். கண்டியில் முச்சக்கர வண்டிக்காரர் தானாக வந்து "நல்ல கடை காட்டுகிறேன்" என்றால், அவருக்குரிய பங்கும் உங்கள் விலையில் சேரும். எந்தக் கடை என்று நீங்களே சொல்லி ஏறுங்கள்.

சரி, இனி உங்கள் நான்கு பேர்.

அண்ணிக்கு ஒரு பத்திக் சால்வை. தைத்த உடுப்பு வேண்டாம் தங்கச்சி, ஃபோட்டோவைப் பார்த்து அளவு சொல்ல முடியாது, நம் நாட்டு டிசைனர் உடுப்புகளின் அளவு லண்டன் அளவோடு ஒத்தும் வராது. சால்வைக்கு அளவுத் தொல்லை இல்லை. அந்தக் குளிரில் கோட்டுக்கு மேல் போட்டால் தூரத்திலிருந்தே தெரியும்.

அந்த வெள்ளைக்கார அம்மாவுக்குத் தும்பறை குஷன் உறை ஒரு சோடி. ஒரு சின்னத் துண்டில் எந்த ஊர், என்ன நார், யார் கையால் என்று எழுதி உள்ளே வையுங்கள். வாங்கும்போதே செய்தவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் சீட்டிலேயே போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் கடையில் கேட்டால் சொல்வார்கள். வாடிக்கையாளர் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கே பல பெயர்கள் தெரிய வந்தன.

அண்ணனுக்கு மருதமுனைச் சாரம் ஒன்று. அதோடு இன்னொன்றும் சொல்லட்டுமா? அம்மாவின் பழைய சேலை ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கும். நம் லயத்தில் பழைய சேலை தொட்டிலாகும், திரையாகும், கடைசியில் போர்வையாகும், குப்பைக்கு மட்டும் போகாது. அதில் கிழியாத பகுதியை வெட்டி, உள்ளே கைத்தறித் துணி வைத்து, பாஸ்போர்ட்டும் கார்டும் வைக்கிற அளவில் ஒரு உறை தைக்கச் சொல்லுங்கள். ஹட்டன் டவுனில் எந்தத் தையல்காரரும் செய்து கொடுப்பார். ஒரே ஒரு விஷயம், முந்தானைப் பக்கத்தை எடுங்கள், கொசுவப் பக்கம் நைந்திருக்கும். போன வருஷம் கனடா போன ஒருவருக்கு அவருடைய அம்மாவின் நீலச் சுங்குடிச் சேலையில் இப்படி ஒன்று தைத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் முதலில் மோந்துதான் பார்த்தார்.

பிள்ளைக்கு மட்டும் எயார்போர்ட் கடை. கைத்தறித் துண்டுகளில் தைத்த யானை, மயில், மீன் பொம்மைகளை நம் நாட்டுக் கைத்தறிக்காரர்கள் அழகாகச் செய்கிறார்கள். பாரமில்லை, உடையாது, கையில் எடுத்துப் போகலாம். தையல் பிரிகிறதா என்று இழுத்துப் பாருங்கள், போதும்.

எயார்போர்ட்டில் தவிர்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் கல் வைத்த நகை வாங்காதீர்கள். இரத்தினக் கல்லைச் சான்றிதழ் இல்லாமல் வெறும் கண்ணால் பார்த்து வாங்க நமக்குத் தெரியாது. வெள்ளி என்றால் 925 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆமை ஓட்டில் செய்த சீப்பு, தந்தம், பவளப் பாறை இவற்றை யார் எங்கே கொடுத்தாலும் வேண்டாம். சட்டப்படி குற்றம், இறங்கும் இடத்திலும் பிடிப்பார்கள். வீட்டிலிருக்கும் பழைய பித்தளை விளக்கைக் கொண்டுபோக ஆசைப்பட்டால், மிகப் பழையதுக்குத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். புதிது என்றால் பில்லோடு பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் சோதனையில் நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

பொதி கட்டும்போது தும்பறை உறையை மடிக்காதீர்கள், நார் மடிந்த இடத்தில் முறியும். சாரத்துக்குள்ளே வைத்துச் சுருட்டுங்கள். பத்திக் சால்வையை வெள்ளைத் துணியோடு சேர்த்து வைக்க வேண்டாம். அண்ணியிடம் கொடுக்கும்போது முதல் இரண்டு தடவை பச்சைத் தண்ணீரில் தனியாக அலசி நிழலில் காயப்போடச் சொல்லுங்கள். கண்டிக்கு வரும் நாளைச் சொன்னால் நானும் கூட வருகிறேன், மாத்தளைக்கு ஒரே பஸ்தான்.